மோந்து பாத்து எடுத்துக்குங்க

சனிக்கிழமை காலை அமிர்தலிங்கம் ஸ்டோருக்குள் நுழைந்தபோது புனிதன் வெளியே ஓடக் கிளம்பிக்கொண்டிருந்தான். காதில் பென்சில், வாயில் பாதி ரொட்டி, கக்கத்தில் தேயிலைக் கொழுந்துச் சாக்குக் கட்டு. கொழுந்து நிறுக்கும் கொட்டகையிலிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“பாலத்துக்கு எண்ணெய்தானே, அண்ணே. ட்ரம்முலேருந்து டின்னுக்கு மாத்திட்டேன். மூலையில ரெண்டு டின்னு இருக்கு பாருங்க, ஒண்ணு அது, இன்னொண்ணு கரையான் மருந்து. மோந்து பாத்து எடுத்துக்குங்க” என்று ரொட்டியோடு சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அந்த எஸ்டேட் ஸ்டோரில் காலங்காலமாக நடக்கிற முறை அது. எந்தச் சரக்கும் வந்த டப்பாவில் தங்காது. ட்ரம் வந்து இறங்கும்போதே, காலியானதும் தண்ணீர் பிடிக்க எனக்கு என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாராவது சொல்லி வைத்திருப்பார்கள். உள்ளே இருப்பது பழைய சமையல் எண்ணெய் டின்களுக்கு மாறிவிடும். டின்னில் பெயர் எழுதுகிற வழக்கம் கிடையாது. தமிழில் எழுதினால் வங்காளதேசத்து ஆள் படிக்கமாட்டான், மலாயில் எழுதினால் பாதிக் கிழடுகள் படிக்காது, எதில் எழுதினாலும் மலை ஈரத்துக்கு மை ஒரு மாதம் நிற்காது. மூக்குக்கு எல்லா பாஷையும் தெரியும் என்பது புனிதனின் கட்சி. மூடியைத் திருகி ஒரு மோப்பம் பிடித்தால் மண்ணெண்ணெய் எது, லாரியிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய் எது, களைக்கொல்லி எது என்று யாருக்கும் தெரிந்துவிடும். இத்தனை வருஷத்தில் தப்பு நடந்ததில்லை.

அமிர்தலிங்கம் முதல் டின்னைத் திறந்து குனிந்து மூக்கை வைத்தார். நன்றாக இழுத்தார். இரண்டாவதிலும் அப்படியே செய்தார். குளிர்ந்த காற்று உள்ளே போய் வெளியே வந்தது. வேறொன்றும் இல்லை. ஐந்து வருஷமாகவே வேறொன்றும் இல்லை.

முப்பது வருஷம் மருந்து அடிக்கிற கேங்கில் இருந்தவர். எஸ்டேட்டில் தெளிக்கிற எல்லாவற்றுக்கும் பெயர் மருந்துதான். புல்லைக் கொல்லுவதும் மருந்து, பூச்சியைக் கொல்லுவதும் மருந்து, காய்ச்சலுக்கு விழுங்குவதும் மருந்து. ரத்தப் பரிசோதனையில் ஏதோ சரியில்லை என்று கேங்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். எஸ்டேட் ஆபீஸ் கணக்கைப் பார்க்கிற கிராணி மகேஸ்வரன் தயவு பண்ணி விருந்தினர் பங்களாவின் தோட்டத்தில் போட்டார். போடும்போதே ஒரு வார்த்தை சொன்னார். அடுத்த தடவை டாக்டர் இன்னொரு குறை எழுதினால் வேலைக்கு லாயக்கில்லை என்று கணக்கை முடித்துவிடுவார்கள், தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். வேலை போனால் மூன்று மாதத்தில் லயத்து வீட்டைக் காலி பண்ண வேண்டும். மனைவி செல்லம்மா மூட்டு தேய்ந்து கொழுந்து வேலையை விட்டு இரண்டு வருஷமாகிறது. வீடு இவர் பெயரில்தான் நிற்கிறது. மகள் துளசி ஈப்போவில் ஒரே அறையில் புருஷன், இரண்டு பிள்ளைகளோடு வாடகைக்கு இருக்கிறாள். அங்கே போய்ப் படுக்கச் சுவர்கூட இல்லை. அறுபது ஆக இன்னும் மூன்று வருஷம் தள்ள வேண்டும். ஆகவே மூக்கு போன சங்கதியைப் பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருந்தார். மலையில் எந்நேரமும் யாருக்காவது சளி இருக்கும். கருவாடு கருகினாலும், வாசலில் எலி செத்துக் கிடந்தாலும், எனக்குச் சளி என்று ஒரு வார்த்தையில் தப்பித்துவிடலாம்.

ஸ்டோரில் தப்பிக்கவும் ஒரு வழி வைத்திருந்தார். “இது பழசாயிருச்சோ, புனிதா, நீ மோந்து பாரு” என்று டின்னை நீட்டினால் போதும். அவன் மோந்துவிட்டு நல்லாத்தான் இருக்கு, அண்ணே என்று பெயரோடு சொல்லிவிடுவான். இன்றைக்கு நீட்ட ஆள் இல்லை. மேலே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் பூசினால்தான் கொஞ்சமாவது காயும்.

ஒரு குச்சியை எடுத்து இரண்டு டின்னிலும் விட்டுத் தூக்கிப் பார்த்தார். இரண்டும் தேன் நிறம். ஒன்று மெதுவாக வடிந்தது, மற்றது தண்ணியாக ஓடியது. முன்பு பலகையில் சோதனைக்குப் பூசிய எண்ணெய் தண்ணியாகத்தான் இருந்தது என்று ஞாபகம் வந்தது. அந்த எண்ணெய்ப் போத்தல் அன்றைக்கு முழுக்க வெயிலில் கிடந்து சூடேறியிருந்தது என்பது ஞாபகம் வரவில்லை. தண்ணியாக ஓடியதைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அந்தச் சோதனையை ஆரம்பித்ததே அவர்தான். பங்களாத் தோட்டத்தின் நடுவில் ஒரு குளம், குளத்தின் மேல் மரப்பாலம், பாலத்தின் முனையில் கூரை போட்ட ஒரு மரப்பெஞ்சு. மழையில் எல்லாம் ஊறி, கால்களில் கரையான் ஏற ஆரம்பித்திருந்தது. அந்தக் காலத்திலிருந்து கறுப்பு எண்ணெய்தானே பூசுகிறோம், அதையே பூசு என்று மானேஜர் சொல்லிவிட்டார். பங்களாவைக் கவனிக்கிற வனஸ்ஸாதான் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் மைக்கேல்ராஜ் கங்காணியின் மகள். மூக்கு ஒழுகிக்கொண்டு லயத்தில் ஓடியதை அமிர்தலிங்கம் பார்த்திருக்கிறார், இப்போது மிஸ் என்று கூப்பிடுகிறார். வருகிற விருந்தாளிகள் பாதிப் பேர் தவளைச் சத்தம் கேட்கத்தான் வருகிறார்கள் என்பது அவள் வாதம். எதைப் பூசினாலும் மழையில் கரைந்து குளத்துக்குத்தானே வரும்.

“எதப் பூசுனா தவளைக்கு ஒண்ணும் ஆவாது, அங்கிள்? புத்தகத்துல ஆளிவிதை எண்ணெய்னு போட்டிருக்கு. நீங்க எத்தன வருஷமா இதுல இருக்கீங்க, நீங்க சொல்லுங்களேன்” என்று கேட்டாள்.

அப்படி அவரை யாரும் கேட்டதில்லை. முப்பது வருஷமும், இதைக் கல, அங்கே அடி என்றுதான் கேங்கை மேய்க்கிற மண்டோர்கள் சொன்னார்கள். அன்றைக்கு மத்தியானமே மூன்று பலகைத் துண்டுகளை அறுத்து, ஒன்றில் கறுப்பு எண்ணெய், ஒன்றில் கரையான் மருந்து, ஒன்றில் வனஸ்ஸா வாங்கி வந்த சின்னப் போத்தல் ஆளிவிதை எண்ணெய் என்று பூசினார். ஒரு வாரம் காயவிட்டு, மூன்று வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பி, வாளிக்கு இருபது தலைப்பிரட்டை விட்டு, பலகைகளை மிதக்கவிட்டார். கரையான் மருந்து வாளியில் மத்தியானத்துக்குள் எல்லாம் அடியில் கிடந்தன. கறுப்பு எண்ணெய் வாளியில் மூன்றாம் நாள் முடிந்தது. ஆளிவிதை வாளியில் இருபதும் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்து பாசியைக் கடித்துக்கொண்டிருந்தன. ஒரு மாதம் வரைக்கும் தினமும் போய் எண்ணினார். “இருபதும் இருக்கு, மிஸ். கரையானுக்கு வேணா கால மட்டும் கல்லு மேல தூக்கி வெச்சிருவோம்லா” என்று போய்ச் சொன்னபோது குரல் அவருக்கே புதிதாக இருந்தது. வனஸ்ஸா ஒரு சின்ன ட்ரம் ஆளிவிதை எண்ணெய்க்கு எழுதிப்போட்டாள். அந்த ட்ரம்மைத்தான் புனிதன் டின்னுக்கு மாற்றியிருந்தான்.

சனிக்கிழமை வனஸ்ஸா இல்லை. சர்ச்சில் ஒரு கல்யாணம் என்று முதல் நாளே ஈப்போவுக்குப் போய்விட்டாள். பங்களாவில் விருந்தாளியும் இல்லை. அமிர்தலிங்கம் பாலத்தின் பலகைகளையும் கைப்பிடியையும் பூசினார். பிறகு முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று அடிப்பக்கத்தையும் பூசினார். பெஞ்சுக்கு இரண்டு கோட்டிங் கொடுத்தார். மரம் சட்டுச் சட்டென்று உறிஞ்சியது. எத்தனை வருஷத் தாகமோ என்று நினைத்துக்கொண்டார். கண் கொஞ்சம் எரிந்தது. வேர்வை என்று நினைத்தார். வேலை முடிந்து தள்ளி நின்று பார்த்தபோது பாலம் புதிதாக இருந்தது. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

வீட்டுக்குள் காலை வைத்ததும் செல்லம்மா அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள்.

“என்னாங்க, மறுபடியும் மருந்து அடிக்க விட்டுட்டாங்களா?”

“இல்லியே. ஏன்?”

“ஒங்க சட்டையிலேருந்து குடலப் பொரட்டுது. வெளியில அவுத்துப் போட்டுட்டு வாங்க.”

அமிர்தலிங்கம் வாசலிலேயே நின்றார். ஆளிவிதை எண்ணெய்க்கு எப்படி வாசம் இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அது அவர் மூக்குப் போன பிறகு வந்த சரக்கு. குடலைப் புரட்டுகிற எண்ணெயாகவும் இருக்கலாம். இருக்கட்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டார். ஸ்டோர்ல பக்கத்துல நின்னேன் என்று செல்லம்மாவிடம் சொன்னார். மணி ஐந்துதான். புனிதன் வீடு நாலு வாசல் தள்ளி. போய், கொஞ்சம் வந்து மோந்து பார் என்று கூப்பிட்டால் வருவான். சாக்கைப் போட்டுத் துடைக்கலாம், பாலத்துக்குத் தார்ப்பாய் கட்டலாம். ஆனால் ஏன் அண்ணே உங்களுக்குத் தெரியலியா என்று கேட்பானே. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். போகலாமா வேண்டாமா என்று அவர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே தகரக் கூரையில் மழை இறங்கியது. மலை மழை, இறங்கினால் விடாது. இனிப் போயும் பிரயோஜனமில்லை என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்பில் ஒரு நிம்மதியும் இருந்தது. அதற்காக அவர் பிறகு எத்தனையோ தடவை வெட்கப்பட்டார்.

ஞாயிறு விடிந்ததும் போனார். குளத்தின் மேல் நிறம் நிறமாக ஒரு படலம் பரவியிருந்தது. தவளைகள் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்கிக் கிடந்தன, கைகளை விரித்துக்கொண்டு. பெரியது, சின்னது, விரல் நுனி அளவு குஞ்சு. பங்களாச் சமையலறையிலிருந்து சல்லடையை எடுத்து வந்து தண்ணீரில் இறங்கி அள்ள ஆரம்பித்தார். ஒன்றிரண்டு இன்னும் காலை இழுத்துக்கொண்டிருந்தன. அவற்றை நல்ல தண்ணீரில் போட்டுப் பார்த்தார். சற்று நேரத்தில் அவையும் அடங்கின. மத்தியானம் வனஸ்ஸாவின் கார் கேட்டுக்குள் நுழைந்தபோது அவர் இன்னும் அள்ளிக்கொண்டிருந்தார். அவள் கதவைத் திறந்தவுடனேயே சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள்.

“என்ன வாசம் இது, அங்கிள்?”

அவர் சல்லடையோடு நின்றார். அவள் குளத்தங்கரைக்கு வந்து பார்த்தாள், பெஞ்சைத் தொட்டு விரலை மோந்தாள். பிறகு கட்டியிருந்த பட்டுச்சேலையோடு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம் என்று அவருக்கு இருந்தது.

திங்கள்கிழமை காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்ததும் அமிர்தலிங்கம், புனிதன், வனஸ்ஸா மூவரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் கிராணி மகேஸ்வரன், சன்னலோரம் வனஸ்ஸா. அமிர்தலிங்கம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாம் இன்றோடு முடிந்தது என்று நினைத்தபடி நின்றார். டின்னை எடுத்தது யார் என்று கிராணி கேட்டார். அமிர்தலிங்கம் வாயைத் திறந்தார்.

“நாந்தான் எடுத்து அண்ணன் கையில குடுத்தேன், கிராணி. அவசரத்துல மாறிப் போச்சு” என்றான் புனிதன்.

“பதினஞ்சு வருஷமா ஸ்டோர்ல இருக்க. மோந்து பாக்கத் தெரியாதா?”

“சளி, கிராணி. மூக்கடைப்பு.”

அமிர்தலிங்கம் திரும்பிப் பார்த்தார். புனிதன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீங்க பூசும்போது தெரியலியா?” என்று கிராணி இவர் பக்கம் திரும்பினார். இவர் வாயிலிருந்து சத்தம் வருவதற்குள், “முப்பது வருஷம் அதுலயே நின்ன ஆளு, அந்த வாசம் அவருக்குத் தண்ணி மாதிரி, கிராணி. ஆளிவிதைக்கும் நாத்தம் உண்டுதானே” என்று புனிதனே சொன்னான். கிராணிக்கு அது போதுமாக இருந்தது. அமிர்தலிங்கம் தொப்பியின் ஓரத்தைத் திருகிக்கொண்டு நின்றார். ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லவில்லை. வெளியே வந்ததும் வனஸ்ஸா அவர் அருகில் வந்து, “ஒங்க மேல தப்பில்ல, அங்கிள். மனசு ஒடஞ்சிறாதீங்க” என்றாள். அவள் திட்டாதது ஒரு பாரம், இது அதற்கு மேல் ஒரு பாரம்.

புனிதனை ஸ்டோரிலிருந்து எடுத்து மருந்து அடிக்கிற கேங்கில் போட்டார்கள். அடுத்த திங்கள்கிழமையிலிருந்து வேலை. அந்த ஒரு வாரத்தில் ஸ்டோரைப் புது ஆளிடம் ஒப்படைக்க வேண்டும். அமிர்தலிங்கம் அந்தப் பக்கமே போகாமல் குளத்துத் தண்ணீரை வாளி வாளியாக இறைத்து, தூரத்தில் குழி வெட்டி ஊற்றிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை இழைப்புளிக்காகப் போயே ஆகவேண்டியிருந்தது. பாலத்தின் மேல்தோலை முழுக்கச் சீவி எடுக்கச் சொல்லியிருந்தாள் வனஸ்ஸா. ஸ்டோரில் புது ஆள் மட்டும் இருந்தான். அலமாரியில் ஒவ்வொரு டின்னின் கைப்பிடியிலும் ஒரு துணிக் கிழிசல் கட்டியிருந்தது. சிலவற்றில் சிவப்பு, சிலவற்றில் வெள்ளை. சிவப்பில் எல்லாம் முடிச்சும் போட்டிருந்தது, இருட்டில் தடவினாலும் தெரிகிற மாதிரி.

“புனிதண்ணன் கட்டுனாரு. செவப்பு மருந்து, வெள்ள எண்ணெய். மோந்து பாத்தாத்தான் தெரியுதே, இது எதுக்குனு கேட்டேன், ஒண்ணும் சொல்லல. அவுத்துறவா?” என்றான் புது ஆள்.

“வேணாம். அவுக்காத” என்றார் அமிர்தலிங்கம். இழைப்புளியை எடுக்க மறந்து வெளியே வந்தார்.

மறுநாள் சாயங்காலம் புனிதன் வீட்டுக்குப் போனார். அவன் வாசல் படியில் மருந்துப் பம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாலாம் நம்பர் பம்பு. முப்பது வருஷமும் கை மாறாமல் அமிர்தலிங்கத்தின் முதுகில் கிடந்தது. அதன் கைப்பிடி ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் ஒரு கீச்சுக் குரல் போடும், எந்த எண்ணெய்க்கும் அடங்காது. புனிதனின் மனைவி மாரியம்மா, வாங்க என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். அவர் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். பேச வந்தது ஒன்று, வாயில் வேறு பேச்சுத்தான் வந்தது.

“வாரு இடது பக்கம் தோள அறுக்கும். பழைய துணிய மடிச்சு வெச்சுக்க.”

“சரிண்ணே.”

“காத்து முதுகுலதான் இருக்கணும். மூஞ்சிக்கு வந்தா திரும்பிரு. கைய வாயிகிட்ட கொண்டு போவாத.” பம்பின் மூடி இறுக்கமா என்று திருகிப் பார்த்தார். “வாசம் வந்துச்சுனா அடிக்கிறத நிறுத்திரு, புனிதா. வாசம் போற வரைக்கும் நில்லு. மண்டோரு கத்துனா கத்தட்டும்.”

புனிதன் பம்பின் வாரைத் தடவிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமல் கேட்டான்.

“ஒங்களுக்கு எப்பண்ணே நின்னுச்சு?”

எதிர் லயத்தில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அமிர்தலிங்கம் தன் கால்விரல்களைப் பார்த்தார்.

“அஞ்சு வருஷம் இருக்கும்.”

“டின்ன டின்ன நீட்டி மோந்து பாரும்பீங்களே, அப்பவே நெனச்சேன். அன்னைக்கு அவசரத்துல மறந்துட்டேன்.” அவன் குரலில் கோபம் இல்லை. “அண்ணிக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“கேஸ் அடுப்ப மட்டும் பாத்துக்குங்க. அவங்க இல்லாத நேரத்துல பத்த வைக்காதீங்க.”

அமிர்தலிங்கத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. “நான் நாளைக்குக் கிராணிகிட்ட சொல்லிர்றேன்” என்றார்.

“சொல்லி? எனக்கு ஸ்டோரு திரும்பி வராது, ஒங்களுக்கு வீடு போவும். டின்னுல பேரு போடாதது நாந்தானே, அது நெசம்தானே. வீட்டுக்குப் போங்கண்ணே, மழ வருது.”

திங்கள்கிழமை அமிர்தலிங்கம் ஆபீஸ் வாசல் வரை போனார். கிராணி ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். முடிக்கட்டும் என்று நின்றவர், அவர் முடிப்பதற்குள் திரும்பி நடந்துவிட்டார். சாயங்காலம் வரலாம் என்று சொல்லிக்கொண்டார். அது அவருக்கே பொய்யாகப் பட்டது. ஸ்டோரில் இழைப்புளியை வாங்கிக்கொண்டு பங்களாவுக்கு வந்து பாலத்தைச் சீவ ஆரம்பித்தார். சுருள் சுருளாக மரம் உரிந்து சாக்கில் விழுந்தது. குளம் பாதி வற்றிக் கிடந்தது. மூன்று மாதமாவது பொறுத்துத்தான் எதையும் அதில் விட வேண்டும் என்று வனஸ்ஸா சொல்லியிருந்தாள்.

மத்தியானம் கொட்டகைக்குப் பின்னால் கை கழுவப் போனபோதுதான் அந்த வாளி கண்ணில் பட்டது. சோதனை வாளி, ஆளிவிதைப் பலகை போட்டது. இந்த அமளியில் அதை மறந்தே போயிருந்தார். குனிந்து பார்த்தார். எண்ணினார். பதினேழு இருந்தன. பாதிக்குக் கால் முளைத்திருந்தது. வாலை முழுக்க இழந்த ஒன்று, கட்டை விரல் நகம் அளவுதான் இருக்கும், பலகையின் மேல் ஏறி உட்கார்ந்து தொண்டையை அசைத்துக்கொண்டிருந்தது. அதை எங்கே கொண்டு போய் விடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பலகையை அதோடு சேர்த்து மெல்லத் தூக்கினார். கை அதுபாட்டுக்கு அதை மூக்கருகில் கொண்டு போனது. நன்றாக இழுத்தார்.

எதிர்ச் சரிவில் பனிமூட்டத்துக்குள்ளிருந்து நாலாம் நம்பர் பம்பு கீச்சிட்டுக்கொண்டிருந்தது. ஆள் தெரியவில்லை, சத்தம் மட்டும் நிரை நிரையாக மேலே ஏறியது. பிறகு நின்றது. அமிர்தலிங்கம் பலகையைப் பிடித்தபடியே நின்றார். சத்தம் நின்றால் புனிதனுக்கு வாசம் வந்திருக்கிறது என்று அர்த்தம், இன்னும் வருகிறது என்று அர்த்தம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். மண்டோரின் குரல் ஒரு தடவை கேட்டது, இன்னொரு தடவை கேட்டது. கீச்சுச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.